டொரதி தேறாத பாடம்

என் மனைவி டொரதியை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது கண்டி ஆஸ்பத்திரியில். பார்க்க வந்தவர்கள் வெளியேற மணி அடித்துவிட்டார்கள். அவளுடைய அண்ணன் வின்சன்ட் மட்டும் கட்டிலை விட்டு நகரவில்லை.

"சுகமாகி வந்து அந்தப் பாடத்தைத் திரும்ப எழுது, தங்கச்சி. பெயில்ங்கிற பேரோட இருக்காத."

"அத நான் எழுத மாட்டேன் அண்ணா."

"ஏன், மண்டையில ஏறாதா?"

"நல்லா ஏறிச்சு. அதான்."

காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைத்தோம். விடிவதற்குள் போய்விட்டாள்.

அந்தப் பாடத்தின் கதை அதற்குச் சில வருஷங்கள் முந்தியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டளவில் நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் குடியிருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்துக் கொன்வென்ட் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்கு ஒரு டீச்சர் தேவைப்பட்டது.

"மனோதத்துவம் படித்து ஒரு சேர்ட்டிபிக்கட் கொண்டு வா. வகுப்பு உனக்குத்தான்" என்று மதர் சொல்லியிருந்தார்.

டொரதிக்கு அந்த வகுப்பு என்றால் உயிர். லண்டனில் ஒரு தபால் கல்லூரியில் பெயர் கொடுத்தாள். பாடம் கப்பலில் வரும். விடை எழுதி அனுப்பினால் அடுத்த பாடம் வரும். அவசரமில்லை, வசதிப்படி படிக்கலாம் என்பது அவர்கள் ஏற்பாடு.

வின்சன்ட் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவார்.

"என்ன டொக்டரம்மா, என் மனசில இப்ப என்ன ஓடுது?"

"இன்னைக்கு மீனா கருவாடான்னு ஓடுது."

"கப்பல்ல வந்த படிப்பு வீண்போகல்ல மச்சான்" என்பார் என்னிடம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வேலை முடிந்து வந்ததும் டொரதி பாடத்தைத் தமிழில் சொல்லுவாள். ஞாபகம் எப்படி நிற்கிறது, பழக்கம் எப்படிப் பிடிக்கிறது என்பதெல்லாம் அவள் வாயால் நான் படித்தவை. எல்லாப் பாடத்துக்கும் அவளுக்கு நல்ல மார்க் வந்தது.

கடைசிப் பாடத்தை மட்டும் அவள் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது, பக்கத்து வீட்டு ஆஸியா உம்மாவின் குழந்தை றமீலா எங்கள் பாயில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் வளர்த்த முயலின் காதைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. மேசையில் ஒரு சுத்தியலும் இரும்புத் துண்டும் இருந்தன.

"எதுக்கு இது?"

"பாடத்துக்கு."

"செஞ்சாச்சா?"

"இல்ல. இவ சிரிக்கிறதப் பாருங்க."

அந்தப் பாடத்தில் தேறவில்லை என்று லண்டனிலிருந்து பதில் வந்தது. பாலர் வகுப்பு வேறொருத்திக்குப் போனது. டொரதி அழுததை நான் பார்க்கவில்லை. ஆனால் காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது அவள் முன்வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

வின்சன்ட் அவள் தேறாததைப் போகிற இடமெல்லாம் சொன்னார். டொரதியின் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களிடமும் அதையே சொன்னார்.

"கெட்டிக்காரி. ஆனா கடைசிப் பாடத்தில குப்புற விழுந்துட்டா. இல்லாட்டி டீச்சரா இருந்திருப்பா."

கதவோரம் நின்ற ஆஸியா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினாள்.

"விழல்ல அண்ணன். அந்தப் பாடத்துக்கு ஒரு புள்ள தேவப்பட்ட. எதுக்கும் பயப்படாத புள்ள. புள்ள முயலத் தொடுற நேரமெல்லாம் பொறத்தால நின்டு இரும்பில ஓங்கி அடிக்கணுமாம். பொறகு முயலக் கண்டாலே புள்ள அலறணுமாம். பயம் எப்படி வருதுன்டு காட்டுற பாடமாம்."

வந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"டொரதி அக்கா ஒன்டையும் மறைக்கல்ல. எல்லாத்தையும் சொல்லித்தான் கேட்டாங்க. வேல கெடைக்கட்டும்டு நானே றமீலாவத் தூக்கிக் குடுத்த. ரெண்டு தரம் பயந்தா புள்ள என்ன கொறைஞ்சா போகும்டு சொன்ன. பொழுதுபட்ட நேரம் கொண்டு வந்து தந்தாங்க. புள்ள சிரிச்சிக்கொண்டுதான் வந்த."

வின்சன்ட் மெதுவாகக் கேட்டார். "அடிக்காமலே அடிச்சதா நாலு வரி எழுதியிருக்கலாமே. லண்டன்காரன் வந்தா பார்க்கப் போறான்?"

"நானும் அதத்தான் கேட்ட. அதுக்கு அக்கா, அப்படி எழுதினா இந்தப் பாடம் சரியின்டு நானும் சாட்சி சொன்ன மாதிரி, நாளைக்கு இன்னொருத்தி இன்னொரு புள்ளைக்கு அடிப்பா என்டாங்க."

வின்சன்ட் எழுந்து தன் கதிரையை ஆஸியா உம்மாவுக்கு இழுத்துப் போட்டார். அதன் பிறகு அந்தப் பாடத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

நான் ஒரு தரம் கூட லண்டனுக்கு எழுதி விளக்கம் சொல்லவில்லை. அந்தக் கல்லூரியின் கணக்கில் என் மனைவி இன்றைக்கும் தேறாதவள்.