பிஸ்கட்டுக்குத் தடை

“மாமா, சட்டைப் பையில என்ன?”

மருமகள் அதட்டியதும் மாமனார் மாடிப்படியில் அப்படியே நின்றார். ரிட்டயர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர். எத்தனையோ திருடர்களிடம் இதே கேள்வியைக் கேட்டவர்.

“கர்ச்சீப்தாம்மா.”

“கர்ச்சீப் மொறுமொறுன்னு சத்தம் போடுதே!”

பிஸ்கட் பாக்கெட் பறிமுதல் ஆனது.

“பாலும் கோதுமையும் உங்க பேத்திக்கு ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது? ஆட்டிசம் இருக்கிற பிள்ளை. போலீஸ்ல இருந்த நீங்களே இப்படிப் பண்ணலாமா?”

லீவுக்குப் பிறந்த வீடு வந்திருந்த நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வயதுக் குழந்தை. ஒரு கேக் கிடையாது, ஒரு ஐஸ்கிரீம் கிடையாது. இதென்ன வீடா, ஜெயிலா?

“அண்ணி, சாப்பாட்டுக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்றாங்களே?”

“இருக்குன்னு சொல்றவங்களும் இருக்காங்க. என் பொண்ணுக்கு என்ன கொடுக்கணும்னு எனக்குத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ‘அப்படியா சேதி?’ என்று மனசுக்குள் கறுவிக்கொண்ட நாத்தனார், சாயங்காலம் ஒரு ஐஸ்கிரீம் கப்பைக் கைப்பையில் ஒளித்துக்கொண்டு குழந்தையைத் தேடி மொட்டைமாடிக்குப் போனாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏற்கெனவே கூட்டம். இன்ஸ்பெக்டர் மடியில் குழந்தை. கையில் புது பிஸ்கட் பாக்கெட். பக்கத்தில் சம்மணம் போட்டு நாத்தனாரின் அண்ணன், க்ரீம் பன்னோடு.

“நீயுமா?” என்றார்கள் இருவரும்.

“சத்தம் போடாதீங்க, அண்ணி கீழேதான் இருக்காங்க.”

“தாத்தான்னு சொல்லு, தர்றேன்” என்றார் இன்ஸ்பெக்டர்.

சொல்லாவிட்டாலும் தந்துவிடுகிற ஆள் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அவர் மீசையைப் பிடித்து இழுத்து, “தாத்தா” என்றது.

நாத்தனார் அசந்துபோனாள். போன தடவை வந்தபோது, யார் கூப்பிட்டாலும் திரும்பாமல், மூலையில் உட்கார்ந்து டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்த குழந்தை. இப்போது தானாக எழுந்து வந்து அத்தையின் கைப்பையைச் சோதனை போடுகிறது!

மறுநாள் குழந்தைக்கு டாக்டரிடம் செக்கப். நாத்தனாரும் வரிந்து கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

“பேச்சு நல்லா வருதே! வீட்டுல என்ன பண்றீங்க?” என்றார் டாக்டர்.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

“டயட்தான்னு அண்ணி சொல்வாங்க, நம்பாதீங்க டாக்டர். எங்க அப்பா, அண்ணன், நான், எல்லாரும் திருட்டுத்தனமா பிஸ்கட்டும் பன்னும் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்!”

டாக்டர் விழித்தார். “அதை ஏன் திருட்டுத்தனமா கொடுக்கணும்? சில குழந்தைங்களுக்குச் சிலது ஒத்துக்காது, நிறுத்தத்தான் வேணும். இவளுக்கு டெஸ்ட் பண்ணியாச்சு, ஒரு ஒவ்வாமையும் இல்ல. எல்லாம் கொடுக்கலாம்னு உங்க அண்ணிகிட்ட அப்பவே சொல்லிட்டேனே?”

வெளியே வந்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். “அப்புறம் எதுக்கு அண்ணி இந்த ராட்சசி வேஷம்?”

குழந்தையின் செருப்பு வாரை மாட்டியபடியே அண்ணி சொன்னாள்.

“டாக்டர் சொன்ன அன்னைக்கு, இதைச் சொல்லத்தான் வீட்டுக்கு ஓடி வந்தேன். கீழே ஒருத்தரையும் காணோம். மாடிக்குப் போனா, தொட்டிக்குப் பின்னாடி மாமா இவளை மடியில வெச்சுக்கிட்டு பிஸ்கட் ஊட்டி ஊட்டிக் கதை சொல்லிட்டிருக்கார். அதுவரைக்கும் அவருக்கு டிவி, உங்க அண்ணனுக்கு ஃபோன். இவ பக்கத்துல வந்து உட்கார எங்க வீட்டுல யாருமே இல்ல. சத்தம் காட்டாம இறங்கி வந்துட்டேன்.”

நாத்தனார் குனிந்து குழந்தையின் இன்னொரு செருப்பை மாட்டிவிட்டாள்.

“தடையை எடுத்தா என்ன நடக்கும்? பாக்கெட்டைப் பிரிச்சு இவ கையில கொடுத்துட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவீங்க” என்ற அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “சரி, அதோ பேக்கரி. நான் இந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன். நீ இவளைக் கூட்டிட்டுப் போய், எனக்குத் தெரியாம ஏதாவது வாங்கிக் கொடு.”