இடக்கை மெத்

கோதண்டத்தின் சிறுநீரில் மெத் என்னும் போதைப்பொருள் இருப்பதாக இயந்திரமும் சொல்லிவிட்டது.

பட்டையை நனைத்துப் பார்க்கும் முதல் சோதனை என்றால் சளி மாத்திரைக்குக்கூட ஏமாந்துபோகும். இது அப்படியல்ல; பொருளைத் துண்டு துண்டாக உடைத்து எடைபோட்டுச் சொல்வது. இருங்காட்டுக்கோட்டையின் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அங்கே சோதனை செய்யும் ரத்னாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

கோதண்டம் பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஒரகடத்துத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர்; அவர்கள்தான் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பேரன் எடுத்துவிட்ட வயது. மாட்டிக்கொள்கிறவர்கள் கத்துவார்கள், பிள்ளைகள் மேல் சத்தியம் செய்வார்கள். இவர் வாயே திறக்கவில்லை. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கும் இல்லையென்று தலையாட்டியிருந்தார்.

மெத்தில் இரண்டு வடிவம் உண்டு. அணுக்கள் அதே, எடையும் அதே. வலக்கையும் இடக்கையும்போல ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். தெருவில் விற்பது பெரும்பாலும் வலக்கை. வழக்கமான சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் இயந்திரத்துக்குள் இருக்கும் குழாயையே மாற்ற வேண்டும். பாதி நாள் அதிலேயே போய்விடும்.

ரத்னா குழாயை மாற்றினாள்.

திரையில் ஒரே ஒரு முகடு எழுந்தது. இடக்கை. வலக்கை மருந்துக்கும் இல்லை.

போதை எடுப்பவர் உடம்பில் இப்படி வராது. டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஒரு மாத்திரை உடம்புக்குள் போய் மாறும்போதுதான் வரும். அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

மறுபடி சிறுநீர் மாதிரி கொடுக்க வரச்சொல்லியிருந்ததால் கோதண்டம் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்ச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க போதை எதுவும் எடுக்கல. நீங்க சாப்புடுற மாத்திரைதான் காரணம். அப்படியே ரிப்போர்ட்ல எழுதிடுறேன்."

அவர் பெஞ்சைவிட்டு எழுந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அத்த மட்டும் எழுதாதம்மா. போதைன்னா ஒரு மாசம் வூட்ல குந்த வெச்சுட்டு மறுபடி சேத்துக்குவாங்க. கை நடுங்குதுன்னு தெரிஞ்சா கிரேன்ல ஏத்துவாங்களா?"

அந்த மாத்திரை நடுக்குவாதத்துக்குக் கொடுப்பது என்று ரத்னாவுக்குத் தெரியும். சந்தோஷத்தில் அதை அவள் யோசிக்கவேயில்லை.

கிரேன் தூக்கிப்போகும் இரும்புச் சுருளுக்கு அடியில் ஆட்கள் நடமாடுகிறார்கள்.

அவள் உள்ளே போய் உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

போதைப் பழக்கம் இல்லை என்று உறுதியானதும் கோதண்டத்தைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள்.