டர்போவில் உப்புக் கறை

எப்படி ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் சொல்லித் தொலைப்போம் என்று பவுனுவுக்குப் பயமாக இருந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விழுப்புரத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆளாளுக்கு அவளை 'மேடம்' என்று கூப்பிட்டதிலேயே பாதி வார்த்தை மறந்துவிட்டது.

ஒரு வாரமாக மீன் வண்டி இழுக்கவில்லை. மிதித்தால் விசில் சத்தம், பின்னால் கரும்புகை.

"டர்போ போச்சு மேடம், இன்ஜினுக்குக் காத்தை அழுத்தித் தள்ளுற பாகம்," என்றார் சர்வீஸ் அட்வைசர் சீனுவாசன், செல்போனில் எடுத்த படத்தைக் காட்டி. "இதோ கோடு மாதிரி தெரியுது பாருங்க, வெடிப்பு. கொதிக்கக் கொதிக்க யாரோ பச்சத் தண்ணி ஊத்தியிருக்காங்க. ஓரத்துல வெள்ளையா பூத்திருக்கு, உப்பு. மீன் பெட்டித் தண்ணிதான். இதுக்கு வாரண்டி கிடையாது. முழு செட்டும் மாத்தணும்."

பிறகு அவள் பின்னால் நின்றவனைப் பார்த்தார். "எந்த டிரைவராவது இந்த வேலையைச் செய்வானா?"

டிரைவர் அலெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். நாற்பது வயது. மூன்று வருஷமாக மரக்காணத்திலிருந்து திண்டிவனம் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப் போகிறவன். அவன் வீட்டு அடுப்பு எரிவது இந்த வண்டியால்தான். வியாபாரம் பார்க்கும் பவுனு அவனுக்குப் பக்கத்து சீட்டில்.

எங்கே நிறுத்தினாலும் உடனே இன்ஜினை அணைக்க மாட்டான். "டர்போ சூடா இருக்குதுக்கா. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும், தானா ஆறிடும்," என்பான்.

போன வாரம் நல்ல வெயில், வண்டி நிறைய பாரம். மார்க்கெட்டில் நிறுத்தி, ஆறவிட்டு அணைத்துவிட்டு, பெட்டி இறக்க ஆள் பார்க்கப் போனான். பானட்டுக்குள்ளிருந்து கருகல் வாடை வந்தது. ஐயோ, சரியாக ஆறவில்லை போலிருக்கிறதே என்று பவுனு பதறினாள். பானட்டைத் தூக்கினாள். மீன் பெட்டியில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரை ஒரு மக் மொண்டு ஊற்றினாள்.

சொய்ங் என்றது. அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம்.

ஆவி அடங்குவதற்குள் அலெக்ஸ் வந்துவிட்டான். அவள் கையிலிருந்த மக்கைப் பார்த்தான். பானட்டை மூடினான்.

வீட்டுக்காரர் தேவநாதன் காதுக்கு இது போனால் தீர்ந்தது. 'உனக்கு என்னா தெரியும்? வூட்டோட கெட' என்று மார்க்கெட் பக்கமே விடமாட்டார். பதினைந்து வருஷ வியாபாரம் ஒரு மக் தண்ணீரில் போய்விடும்.

இருந்தாலும் அடுத்தவன் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"சார், அந்தத் தண்ணி வந்து..." என்று இழுத்தாள்.

"நான்தான் சார் ஊத்தினேன்," என்றான் அலெக்ஸ்.

பவுனு திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"இத்தனை வருஷம் ஓட்டற. இதுகூடவாய்யா தெரியாது?"

"புத்தி கெட்டுப் போச்சு சார். ஆனா முழு செட்டு எதுக்கு? உள்ள சுத்தறது நல்லாதானே இருக்குது? வெடிச்சது வெளி ஓடுதானே? திண்டிவனத்துல குமரேசன் மெக்கானிக்கு பாத்துட்டு, ஓடு மட்டும் மாத்தினா போதும்னாரு."

"ரோட்டோர மெக்கானிக் ஆயிரம் சொல்லுவாரு. கம்பெனியில செட்டாதான் போடுவோம்."

"உங்க கம்பெனியிலயே ஓடு தனியா வருதாமே சார். நம்பர்கூட எழுதிக் குடுத்தாரு." சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான்.

சீனுவாசன் கம்ப்யூட்டரில் தட்டினார். முகம் சுருங்கியது. "வருது. நாலு நாள் ஆகும்."

"ஆவட்டும் சார்."

"நீ டிரைவரா, வக்கீலா?" என்றபடி பில் புத்தகத்தை இழுத்தார்.

வெளியே வந்ததும் பவுனு கேட்டாள். "ஏன் அலெக்ஸு அப்பிடி சொன்ன?"

"வுடுக்கா. உங்க பேரு வந்தா அண்ணன் உங்கள வூட்ல உக்கார வெச்சிடுவாரு. என்னைன்னா ரெண்டு திட்டு. வாங்கிக்கினு போறேன். யார்கிட்டயும் வாயத் தெறக்க மாட்டேன், போதுமா? பேயறஞ்ச மாதிரி நிக்காதீங்க. டீ வாங்கியாறேன்."

ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனான். அவளுக்குப் போன் அடித்தது. தேவநாதன்.

"என்னா சொல்றான் கம்பெனிக்காரன்?"

"தண்ணி ஊத்தினதுல வெடிச்சிடுச்சாம்."

"எவன் ஊத்துனது?"

பவுனு டீக்கடைப் பக்கம் பார்த்தாள். "அலெக்ஸுதானாம். அவனே ஒத்துக்கினான்."

சத்தம் போடப் போகிறார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"சரி வுடு," என்றார் தேவநாதன் அலுப்போடு. "தெரியாம பண்ணியிருப்பான். மூணு வருஷத்துல வண்டியில ஒரு கீறல் வெச்சதில்ல அவன். நீ எதுனா திட்டிக்கினு இருக்காத. சாயங்காலம் வரச் சொல்லு, நானே பேசறேன்."

தப்பித்தோம் என்று நினைத்தாள் பவுனு. உடனே வேறொரு பயம் பிடித்தது. இவரே கூப்பிட்டு வைத்து அன்பாக நாலு வார்த்தை கேட்டால்? இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது பேச்சுவாக்கில் அவன் வாயில் வந்துவிட்டால்?

இரண்டு கையிலும் டீயோடு, லாரிக்கு ஒதுங்கி, சிந்தாமல் வந்துகொண்டிருந்தான் அலெக்ஸ்.

"ஒண்ணும் பேச வேணாங்க," என்றாள் பவுனு, குரலைத் தாழ்த்தி. "இவனை இனிமே நம்ப முடியாது. நாளைக்கே வேற டிரைவரைப் பாருங்க."