பதினெட்டாவது அட்டை

ஊர் ஹாக்கி அணி ஒவ்வொரு சீசனிலும் தன் வீரர்களின் படம் போட்ட பதினெட்டு அட்டைகளை ஒரு கட்டாக வெளியிடும். கொம்பையா ஒரு வருடம்கூட விட்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் கம்பிவேலி ஓரம் நின்று, அவரவர் அட்டையில் கையெழுத்து வாங்குவார். இந்த வருடம்தான் புதிதாக ஒன்று நடந்தது: கையெழுத்துப் போட்டவன் அடுத்த வாரம் அணியில் இருப்பதில்லை. ஒன்று, பெரிய அணி கூப்பிட்டுக்கொள்ளும். இல்லையென்றால் இங்கேயே கழற்றிவிடுவார்கள். இப்படியே பதினேழு பேர் போயாயிற்று. கோல்கீப்பர் ஜேசுபாலனின் அட்டையை மட்டும் அவர் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவனும் போய்விட்டால் இது யாருடைய அணி?

அன்று அவனே வேலியருகே வந்தான்.

"அண்ணாச்சி, என் அட்டைய மட்டும் ஏன் நீட்ட மாட்டேங்கிய?"

"பேனாவுல மை இல்லடே."

"மூணு வாரமா இதயேதான் சொல்லுதிய. பதினேழு பேரும் உங்ககிட்ட போட்டுட்டுத்தான போனானுவ? நாலு வருசமா நான் இங்கயே நிக்கேன். மேல போறேனோ, வீட்டுக்குப் போறேனோ, தெரிஞ்சுரட்டும்."

கொம்பையாவின் கை சட்டைப்பையை இறுகப் பொத்தியது. ஜேசுபாலன் தடித்த கையுறையை மெல்லக் கழற்றினான். வியர்த்திருந்த உள்ளங்கையில், மூடி திறந்தபடி, ஒரு பேனா இருந்தது.