போயிட்டு வரேன்

வெளியே கிளம்புகிறவர் திரும்பி வருவாரா என்று வாசற்கதவு கேட்டுப் பதிவு செய்யும். அரசு உத்தரவு.

"மாவு வாங்கப் போயிட்டு வரேன்" என்றாள் பூங்கோதை.

"புரியவில்லை. போகிறீர்களா, வருகிறீர்களா?"

மறுபடி சொன்னாள். மறுபடி அதே கேள்வி.

"ஐயோ, போறேன்! போய்த் தொலையறேன், திற!"

உடனே திறந்தது.

மாவோடு திரும்பி வந்து பெயரைச் சொன்னபோது, "இப்பெயரில் இங்கே யாரும் வசிக்கவில்லை" என்றது கதவு.

"என்ன கவர்மென்ட் கதவோ இது! ஏங்க, நீங்களாவது திறங்க!"

உள்ளேயிருந்து கணவர் சந்தானம் குரல் கொடுத்தார். "கவர்மென்ட்டைக் குறை சொல்லாதே. பேசின வார்த்தைக்கு நாமதானே பொறுப்பு? நான் திறந்தா சட்டவிரோதம். மாவை மட்டும் ஜன்னல் வழியா குடு, பசிக்குது."

பூங்கோதை ஜன்னலைப் பார்த்தாள். மாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கதவிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"போறேன்."