சுவரில் ஓடிய ஏழு வண்டிகள்

“இன்னாங்க டீச்சர், மாடெல்லாம் நின்னுக்கினே தூங்குது?”

“தூங்கல. ஆலைக்குப் போய்க்கினு இருக்குது.”

“இப்பிடிப் போனா பொங்கல் கழிச்சிதான் போய்ச் சேரும்!”

பத்து நாளைக்கு முன்னால், கரும்பு லோடோடு போன ஜீவா டிராக்டரை நிறுத்தாமலே இப்படிச் சொல்லிவிட்டுப் போனான். அந்த ‘ங்க’தான் கோகிலவாணிக்கு அதிகம் சுட்டது.

மூங்கில்துறைப்பட்டுச் சாலையை ஒட்டிய பள்ளிக்கூடத்துச் சுவர் அது. வேறொரு பள்ளியில் ஓவிய டீச்சரான அவளை ஏழு கரும்பு வண்டிகள் வரையச் சொல்லியிருந்தார்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அட்டையில் ஒரே ஒரு மாட்டை வெட்டி, அதையே பதினான்கு முறை வைத்துப் பூசியிருந்தாள்.

பதினான்கும் இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. வண்டிக்கு வண்டி சரியாக மூன்றடி.

தள்ளி நின்று பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். எரிச்சலே அதுதான்.

மறுநாள் பிரஷைத் தொடவில்லை. எதிரே இருந்த சின்னப் பாலத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏற்றத்தில் டிராக்டர்கள் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி நெருங்கின. இறக்கத்தில் விலகி ஓடின.

அட்டையைக் கிழித்துப் போட்டாள். சுவருக்கு மறுபடி வெள்ளையடித்தாள்.

பின்னால் வரும் நான்கு வண்டிகளை நெருக்கினாள். முன்னால் போகிற மூன்றையும் ஒன்றைவிட ஒன்று தள்ளி ஓடவிட்டாள். ஒரு மாடு மூச்சு வாங்கித் தலை குனிந்தது. இன்னொன்று திமிறியது. சக்கரங்களுக்குப் பின்னால் கொஞ்சம் புழுதி.

இன்று சாயங்காலத்தோடு வேலை முடிகிறது. நாளை முதல் இந்தச் சாலைக்கு வர அவளுக்குக் காரணமே இல்லை. நான்கு மாதமாகக் கேட்காமலே வைத்திருப்பதை அவனிடம் இன்று கேட்டால்தான் உண்டு.

டிராக்டர் வந்தது. முதல் முறையாக நின்றது.

ஜீவா இறங்கி, கடைசி வண்டியிலிருந்து முதல் வண்டியை நோக்கிச் சுவரோரமாக நடந்தான். நடக்க நடக்க அவன் கால் தானாக வேகமெடுத்தது. முடிவில் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினான்.

“அடேங்கப்பா! எனக்கு முன்னாடி இதுங்க ஆலைக்குப் பூந்துடும் போலக்குதே!”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் அதுவும் வந்துவிட்டது.

“கோவிச்சிக்கினு எங்கம்மா வூட்ல உக்காந்தது போதும். நம்ம வூட்டுக்குக் கூட்டிக்கினு போறீங்களா?”