ஐந்து சைபர்

"ஆன்ட்டி, ஒரு அரை மணி நேரம் எனக்கு சப்ஜெக்டா உக்கார்றீங்களா? கோடிப் புண்ணியமாப் போகும் உங்களுக்கு!"

ஆய்வுக்கூடத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். மடியில் கைப்பை. காலையிலிருந்து அதே இடம்தான். யாரோ ஒரு மாணவியின் அம்மா போலிருக்கிறது.

கேட்டவள் உளவியல் பட்டப்படிப்பு மூன்றாம் ஆண்டு. தொட்டதற்கெல்லாம் பதறுவதால் வகுப்பில் அவளுக்கு 'படபடப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று பதறக் காரணமும் இருந்தது. செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு வெளியாளை அழைத்துவர வேண்டும். சோதனைக்கு உட்காரும் அந்த வெளியாள்தான் சப்ஜெக்ட். வருவதாகச் சத்தியம் பண்ணியிருந்த அத்தை மகள் கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று கையை விரித்துவிட்டாள்.

"என்ன பண்ணணும்மா?"

"ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி. கண்ணாடியில பார்த்து ஒரு நட்சத்திரம் வரையணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்னாளே தவிர, அது லேசுப்பட்ட வேலை இல்லை. தாளில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம் இருக்கும். கை நேராகத் தெரியாதபடி குறுக்கே ஒரு தட்டி மறைத்துக்கொள்ளும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே இரண்டு கோடுகளுக்கு நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். மேலே போக நினைத்தால் கை கீழே இழுக்கும். முதல் முயற்சியில் முப்பது நாற்பது தடவை கோட்டில் இடிக்காதவர் கிடையாது. போகப் போகப் பிழை குறையும். அது எப்படிக் குறைகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டுவதுதான் தேர்வு.

"இதுக்கு முன்னாடி இந்தச் சோதனையைச் செஞ்சிருக்கீங்களா?" ஆய்வுக்கூடத்துக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து, விதிப்படி கேட்டாள் படபடப்பு.

"இல்லம்மா." பெண்மணியின் பார்வை உள்ளறைக் கதவின் மேல் இருந்தது. "வெளியூர்லேர்ந்து வந்திருக்கிற தேர்வாளர் மேடம் அங்கதான் இருக்காங்களா?"

"ஆமா ஆன்ட்டி. மகா கறார். நாலு மணிக்குத் திரும்ப ரயில் ஏறிடுவாங்களாம், அதுவரைக்கும் தாங்கணும்."

"நம்மளப் பார்க்க வெளிய வருவாங்களா?"

"ஐயோ, வர மாட்டாங்க. தாளை மட்டும்தான் பார்ப்பாங்க. தாள்ல ஏதாவது கோளாறுன்னாதான் சப்ஜெக்டை உள்ளே கூப்பிடுவாங்க. நீங்க பயப்படாதீங்க."

பெண்மணி பென்சிலைக் கையில் எடுத்தவர், உடனே ஆரம்பிக்கவில்லை.

"இதைப் படிச்சுட்டு என்னம்மா பண்ணுவே?"

"நிறைய வழி இருக்கு ஆன்ட்டி. ஸ்கூல்ல கவுன்சிலர் ஆகலாம், கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேலைக்குப் போகலாம். எனக்கு ஆஸ்பத்திரிதான். அதுக்கு மேல படிக்கணும். இதுல மார்க் போச்சுன்னா அந்த சீட்டும் போச்சு."

"வீட்டுல அம்மா என்ன சொல்றாங்க?"

"பைத்தியங்களுக்குப் பாடம் எடுக்கப் போறியான்னு திட்டுவாங்க. திட்டிட்டு ஃபீஸ் கட்டிடுவாங்க."

"நல்ல அம்மா," என்றார் பெண்மணி. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

பிறகு வரைந்தார். ஒரே சீராக, வீட்டு வாசலில் நடப்பது போலப் பென்சில் நட்சத்திரத்தைச் சுற்றி வந்தது. ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. படபடப்புக்குக் கண்கள் விரிந்தன. இரண்டாம் முறையும் அப்படியே. ஐந்து முயற்சி, ஐந்து சைபர். வரைபடத்தில் இறங்குவதற்குக் கோடே இல்லை.

உள்ளறையில் தேர்வாளர் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்தார்.

"பொய் எழுதுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? முதல் முயற்சியில பிழையே இல்லையா? நீயே வரைஞ்சு கொண்டாந்தியா?"

"சத்தியமா இல்ல மேடம், அவங்கதான் வரைஞ்சாங்க." படபடப்புக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருடக் கனவு கண் முன்னே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

"கூப்பிடு அவங்கள."

பெண்மணி வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். தேர்வாளர் மதிப்பெண் பட்டியலில் குனிந்தபடியே கேட்டார். "இதுக்கு முன்னாடி இதை வரைஞ்சிருக்கீங்களா? மறைக்காமச் சொல்லுங்க."

"வரைஞ்சிருக்கேன் மேடம்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. குனிந்த தலை மட்டும் நிமிரவில்லை.

"அப்ப ஏன் ஆன்ட்டி இல்லேன்னு சொன்னீங்க?" வெடித்தாள் படபடப்பு.

"தப்புதாம்மா. ஆமான்னு சொன்னா நீ வேற ஆளைத் தேடிப் போயிடுவியோன்னு பயந்து, உன் மார்க்குல விளையாடிட்டேன். என் பொண்ணும் இதே காலேஜ்ல இதே படிப்புதான். அவளுக்கு நான்தான் சப்ஜெக்ட். ஒரு லீவு பூரா சாப்பாட்டு மேஜையில உக்கார வெச்சு உயிரை வாங்கினா. படிப்பு முடிஞ்சதும் மேல படிக்கணும்னு நின்னா. பைத்தியங்களோடதான் காலம் தள்ளணும்னா என் வீட்டு வாசப்படி ஏறாதேன்னு சொல்லிட்டேன். அவளும் ஏறல. பதினாலு வருஷமாச்சு."

பெண்மணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப என்னை வரைய வெச்ச கண்ணாடிய மட்டும் வீட்டுல விட்டுட்டுப் போயிட்டா. அவ நெனப்பு வர்றப்பல்லாம் எடுத்து வெச்சு வரைவேன். வராத நாளே இல்லம்மா. அப்புறம் கை எங்கேர்ந்து இடிக்கும்? நேரா வந்து கதவைத் தட்ட எனக்குத் தைரியம் இல்ல. தாள்ல கோளாறு இருந்தா உள்ளே கூப்பிடுவாங்கன்னு நீதானே சொன்னே?"

படபடப்புக்கு ஒன்றும் புரியவில்லை. தேர்வாளரைப் பார்த்தாள். பட்டியலின் மேல் பொட்டுப் பொட்டாக ஈரம் விழுந்து மை கலைந்திருந்தது.

"வேற ஆளைக் கூட்டிட்டு வந்து திரும்பச் செய்மா, உன் மேல தப்பில்ல," என்று அவளிடம் சொல்லிவிட்டு எழுந்தார் தேர்வாளர். "இவங்க சொல்றது எல்லாமே நிஜம்தான். அந்தச் சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஸ்டாப்வாட்ச் பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தது நான்தான்."